பத்து இலக்கம்

மாமாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பேட்டைத் தொழிற்பேட்டையில் அவர் காவல் இருக்கும் லேத் பட்டறைக்கு, அம்மா கொடுத்துவிட்ட மீன்குழம்போடு நான் போனபோது, கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் தூக்கி விட்டுக்கொண்டு, போனை மூக்கோடு ஒட்டி வைத்து எதையோ அழித்துக்கொண்டிருந்தார்.

“போனைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா மாமா?”

“சொன்னாரு. நான் ஒரு நாள் பாக்கலேன்னா இந்தச் சவம் நூறு வந்து உக்காந்துருதே, என்னளா செய்யச் சொல்லுத?”

மாமா என் அம்மாவின் தம்பி. மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் பறித்து வரும் இலையை எடை போடுகிற வேலை பார்த்தவர். அம்மாவும் அங்கே இலை பறித்தவள்தான். எனக்குப் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்ததும் அம்மா என்னோடு வந்துவிட்டாள். எஸ்டேட் வேலை முடிந்துபோய் மீதிச் சனமும் மலையை விட்டு இறங்கியபோது மாமாவும் இறங்கினார். அம்பை, கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், திருப்பூர், கேரளம் என்று யார் எங்கே போனார்கள் என்பது ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. மேலே பல இடங்களில் டவர் கிடைக்காது. வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் பக்கத்து வீட்டில் இருப்பவரின் போன் நம்பர் யாருக்கும் தேவைப்பட்டதும் இல்லை. கதவைத் தட்டினால் போதும்.

அதனால் மாமா ஒரு சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் தொடங்கினார். தன்னிடம் இருந்த பழைய போட்டோக்களைப் போனில் படம் பிடித்து ஒவ்வொன்றாக அதில் போட்டார். கோயில் கொடை, ஸ்கூல் விளையாட்டு விழா, யாரோ ஓய்வுபெற்ற நாள். எங்கெங்கோ இருந்தவர்கள் படத்துக்குக் கீழே வந்து எழுதினார்கள். “ரெண்டாவது வரிசையில் மூணாவது நான். இப்போ திருப்பூர்ல இருக்கேன்.” அதற்கடுத்து ஒரு போன் நம்பர். தனியாகச் செய்தி அனுப்பலாம் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் படத்துக்குக் கீழேதான் எழுதுவார்கள்.

ஆட்கள் கூடக் கூட விளம்பரக்காரர்களும் வந்தார்கள். ஆதார் இருந்தால் போதும், அரைமணியில் கடன். வீட்டிலிருந்தே பென்சில் பேக்கிங் வேலை. அவற்றின் முடிவிலும் ஒரு போன் நம்பர். பார்வை தேறாத கண்ணை வைத்துக்கொண்டு மாமா அவற்றைத்தான் ஒன்றொன்றாக அழித்துக்கொண்டிருந்தார்.

“நீ கம்ப்யூட்டர்லதான வேலை பாக்க. இத மொத்தமா ஒழிக்க ஒரு வழி இல்லையா?”

“அரைமணி நேர வேலை மாமா. நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம், அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்தேன். அந்தத் தளம், மனிதர்கள் வந்துபோக ஒரு வாசல் வைத்திருப்பதைப் போலவே நிரல்கள் வந்துபோகவும் ஒரு வாசல் வைத்திருக்கிறது. ஏ.பி.ஐ. என்போம். அந்த வாசலில் எதை எப்படிக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் முன்பே யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். நான் ஒன்றை இறக்கிக்கொண்டேன். மாமாவின் கணக்கிலிருந்து அனுமதி வாங்கினேன். நாற்பது வரியில் நிரல் முடிந்துவிட்டது.

விளம்பரத்தை எப்படி அடையாளம் காண்பது? அதற்கு நான் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது. பத்து இலக்க எண் ஒன்று சேர்ந்தாற்போல் வந்தால் அது விளம்பரம். அதை அழி. எழுதியவர் மறுபடி எழுதாதபடி தடை செய்.

அந்த லைப்ரரியை எழுதியவர், முதலில் எதையும் அழிக்காமல் எவையெல்லாம் சிக்குகின்றன என்று அச்சிட்டுப் பாருங்கள் என்று குறிப்பில் சொல்லியிருந்தார். நானும் பார்த்தேன். முதல் இருபதைப் பார்த்தேன். இருபதும் கடன் விளம்பரங்கள். விளம்பரக்காரர்கள் எப்போதும் புதிய படங்களுக்குக் கீழேதான் வருவார்கள், நம் சனங்கள் நம்பர் எழுதியிருந்தது பழைய படங்களுக்குக் கீழே என்பது எனக்குத் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஓட விட்டேன்.

நான் கை கழுவி வருவதற்குள் முடிந்திருந்தது. திரையில் எத்தனை அழிந்தன என்கிற எண் மட்டும் நின்றது. ஆயிரத்துச் சொச்சம். இவ்வளவு விளம்பரமா என்று வியந்தேனே தவிரச் சந்தேகப்படவில்லை.

மாமா அன்றே பக்கத்தில் எழுதினார்: “என் அக்கா மகள் எல்லாக் குப்பையையும் ஒரே நிமிடத்தில் சுத்தம் செய்துவிட்டாள்.” அதற்கு முப்பது நாற்பது பேர் கைதட்டல் போட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் நான் வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மாமா கூப்பிட்டார்.

“ஏளா, படத்துக்குக் கீழ நம்ம ஆளுங்க நம்பர் எழுதியிருந்தாவல்லா, அதெல்லாம் எங்க? ஒண்ணையும் காணமே.”

கேட்ட அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் அதற்குள் பேசிவிட்டது.

“அது அந்தத் தளத்துக் கம்பெனிக்காரனே எடுத்துருதான் மாமா. நம்பர் போட்டா எடுத்துருவான். பாதுகாப்புக்காம்.”

“அப்படியா? நம்ம ஆளுங்களுக்குத் தெரியாதே. நம்பர் போடாதீங்கன்னு எழுதிருதேன்.”

“ஆமா மாமா. எழுதிருங்க.”

அவரும் எழுதினார். தன் பெயரில், எல்லாருக்கும் தெரியும்படி மேலேயே நிறுத்தி வைத்தார். அதன்பிறகு யாரும் நம்பர் எழுதவில்லை. என் நிரல் அழித்தது அதுவரை எழுதியவற்றை. அதற்குப் பின் எழுதியிருக்கக் கூடியவற்றை என் பொய் அழித்தது.

மறுநாள் மீட்க வழி உண்டா என்று தேடினேன். இல்லை. அந்த வாசல் வழியாக அழித்தது திரும்பாது. என் நிரலும் எதையும் எடுத்து வைக்கவில்லை. நம்பருக்கு நடுவே இடம் விட்டு, ஐந்து ஐந்தாக எழுதியிருந்த ஏழெட்டுப் பேருடையது மட்டும் தப்பியிருந்தது. ஒன்று மட்டும் என்னால் செய்ய முடிந்திருக்கும். தடை செய்தவர்களின் பட்டியலை எடுத்து, நம் ஆட்களை விடுவித்திருக்கலாம். அந்தப் பட்டியலைத் திறந்தால் பெயர்களைப் பார்க்க வேண்டியிருக்கும். திறக்கவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளி, பிறகு நினைப்பதையே விட்டுவிட்டேன். ஏழு மாதம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு பெரியம்மை, தன் மகளுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை கொடுக்க வந்தாள். இரத்த உறவு இல்லை. அம்மாவோடு ஒரே பிரிவில் இலை பறித்தவள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது என்னை முதுகில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவள். வெற்றிலைத் தட்டில் பத்திரிகையை வைத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவள், அம்மாவிடம் கேட்டாள்.

“எல்லாருக்கும் வச்சாச்சு. அவ ஒருத்திக்குத்தான் வைக்க முடியலே. எங்கன இருக்கான்னே தெரியலயே.”

அவள் என்று சொன்னது யாரை என்று அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். பெரியம்மையோடு இருபது வருஷம் பக்கத்துத் தேயிலை நிரையில் நின்று இலை பறித்தவள். நான் சித்தி என்று கூப்பிடுவேன். வேலையை விட்டுப் போகச் சம்மதம் என்று ஒரு தாளில் எஸ்டேட் நிர்வாகம் கையெழுத்து கேட்டபோது சித்தி முதலிலேயே போட்டுவிட்டாள். புருஷனுக்கு நெஞ்சு சரியில்லை, கீழே ஆஸ்பத்திரி பக்கம் இருக்க வேண்டும் என்று. கடைசிவரை போடாமல் நின்றவர்களில் பெரியம்மையும் மாமாவும் உண்டு. அதில் இரண்டு பெண்களுக்கும் வாய்வார்த்தை முற்றி, பேச்சு நின்றுவிட்டது.

“ஒன் தம்பி ஒரு படம் போட்டிருந்தான்லா” என்றாள் பெரியம்மை. “பிள்ளைக் காப்பகத்துக்கு முன்னால நாங்க ரெண்டு பேரும் நிக்கது. அதுக்குக் கீழ எழுதியிருந்தா. மருமக வாசிச்சுக் காட்டினா. ‘பக்கத்துல நிக்கது எங்க அக்கா. அக்கா, இது என் நம்பர். கோவம் போச்சுன்னா பேசு’ன்னு.”

“பேசினியா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா. எனக்கும் வீம்பு இருக்கும்லா. ரெண்டு நாள் போட்டும்னு இருந்தேன். மூணாம் நாள் மனசு கேக்கலே, நம்பரை எழுதித் தாளான்னு மருமககிட்ட கேட்டேன். பாத்தா அத எடுத்துட்டாங்க. கம்பெனிக்காரன் எடுத்துட்டான்னு ஒன் தம்பி எழுதியிருந்தான். என் நேரம்.”

நான் காபி போடும் சாக்கில் அடுக்களைக்குப் போனேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அம்மா உள்ளே வந்து, “என்னட்டி நிக்க, அடுப்பை அணை” என்றாள்.

பெரியம்மையைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் கணினியைத் திறந்தேன். அதே லைப்ரரி. தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலை அது இரண்டு வரியில் கொடுத்தது. நடுநடுவே விளம்பரக்காரர்கள். மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். எங்கள் ஸ்கூல் ஆயா. பஸ் கண்டக்டர். கோயில் பூசாரியின் மகன். ஒவ்வொருவராக விடுவித்துக்கொண்டே வந்தேன். சித்தியின் பெயர் வந்தது. அவள் கணக்கைத் திறந்தேன். அவள் மகன் போட்டிருந்த கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியின் படம் முதலில் இருந்தது. சித்தப்பா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சுவரொட்டியின் அடியில் வீட்டு முகவரி இருந்தது. ஊர் பத்தமடை.

கேரளத்துக்குப் போய்விட்டாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வரும் பஸ் பத்தமடை வழியாகத்தான் வரும். பெரியம்மை அன்று காலையில் அந்த ஊரைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டுப் பத்தமடைக்குப் போனேன். சித்தி வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் முறம்போல ஒரு சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“வா. எப்படித் தெரிஞ்சுது?”

சுவரில் சித்தப்பாவின் படம் மாலையோடு இருந்தது. அதைப் பார்த்து அழுவதா, வந்த காரியத்தைச் சொல்வதா என்று தெரியாமல் நின்றேன். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நம்பர் இருந்தால் விளம்பரம் என்று நான் வைத்த விதி, தடை செய்தது, மாமாவிடம் சொன்ன பொய், ஏழு மாதம் பட்டியலைத் திறக்காமல் இருந்தது.

சித்தியின் கை நிற்கவில்லை. ஒரு பீடியைச் சுற்றி நூல் கட்டி வைத்தாள்.

“நான் எழுதியிருந்ததப் படிச்சுட்டா அழிச்ச?”

“இல்ல சித்தி. படிக்கலே.”

“யாரு எழுதினதுன்னு பாத்தியா?”

“பாக்கலே.”

“பாக்காமலே அழிக்க முடியுமா அதுல?”

“முடியும்.”

அவள் அடுத்த இலையை எடுத்தாள். பிறகு சொன்னாள்: “ஒங்க சித்தப்பா போன அன்னைக்கு என் மவன் என் போன்ல அங்க எழுதப் பாத்தான். நம்ம ஆளுங்க நம்பர் ஒண்ணும் எங்ககிட்ட இல்ல. அங்க எழுதினா எல்லாருக்கும் தெரியும்னு பாத்தான். உங்களுக்கு அனுமதி இல்லைன்னு வந்துது. மறுபடி மறுபடி பாத்தான். அப்பதான் நான் சொன்னேன், விடுலே, நாம கையெழுத்துப் போட்டவங்க, நம்மள விலக்கி வச்சுட்டாங்கன்னு.”

“ஐயோ, அப்படி இல்ல சித்தி.”

“எனக்கு எப்படித் தெரியும்? முப்பது வருஷம் எல்லா வீட்டுச் சாவுத் துட்டிக்கும் முன்னால போய் நின்ன மனுசன். அவரைத் தூக்க ஆளு பத்தாம இந்தத் தெருவுல உள்ளவங்களக் கூப்பிட்டோம். நல்லவங்க, வந்தாங்க. அவரு யாருன்னுகூட அவங்களுக்குத் தெரியாது.”

அழுதது நான்தான். அவள் அழவில்லை. என்னை அழ வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டதும் கேட்டாள், “ஒங்க மாமாவுக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லலே.”

“அவரு பேர்லதான அந்தப் பொய் கெடக்கு. மொதல்ல அதச் சொல்லு. போ.”

நேரே பேட்டைக்குப் போனேன். பட்டறையில் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் நின்றிருந்தன. மாமாவிடம் எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. சித்தப்பா இறந்த செய்தியைத்தான் முதலில் சொன்னேன்.

“அவன் செத்துட்டானா?” மாமா எழுந்து நின்றுவிட்டார். “எப்போ? எனக்கு ஏன் யாரும் சொல்லலே?”

ஏன் என்று சொன்னேன். கேட்டு முடித்ததும் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

“ஏழு மாசமா நான் ஊருக்கெல்லாம் பொய் சொல்லிருக்கேன்” என்றார்.

“நீங்க இல்ல மாமா, நான்.”

“அவங்க படிச்சது என் எழுத்தல்லா.”

என் பெயரைப் போட்டு உண்மையை எழுதுங்கள் என்று கெஞ்சினேன். அவர் எழுதியது வேறு: “நம்பர்களைக் கம்பெனி எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்த தவறு. விசாரிக்காமல் எழுதிவிட்டேன். என்னை மன்னிக்கணும். எல்லாரும் மறுபடி நம்பர் எழுதுங்க.” அதோடு சித்தப்பாவின் படத்தையும் போட்டார். பலர் வந்து ஆறுதல் எழுதினார்கள். பரவாயில்லை அண்ணாச்சி, வேணும்னேவா செய்தீங்க என்றார்கள். ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது யாராவது நன்றாக ஏசினால் தேவலை என்று எனக்கு இருந்தது. விடுவித்தவர்களில் சிலர் திரும்பி வந்து நம்பர் எழுதினார்கள். பாதிப் பேர் வரவில்லை. அவர்கள் ஏழு மாதத்துக்கு முன்பே வருத்தத்தோடு போய்விட்டார்களா, அல்லது போன்தான் மாறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள எந்த லைப்ரரியும் உதவாது.

அந்த வார வியாழக்கிழமை பெரியம்மையைப் பத்தமடைக்கு வரச்சொன்னேன். அவளிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். “சரி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது ஒரு கையில் மாலை, ஒரு கையில் புதுச் சேலை உள்ள பை. என்னோடு பேசாமல் நடந்தாள். தெரு திரும்பியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வீட்டு வாசலில் கால் வைத்ததும் துட்டிக்கு வருகிறவர்கள் அழுவதைப் போல உரக்க அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள், நாலு மாதம் கழித்து இது என்ன என்று எட்டிப் பார்த்தார்கள்.

சித்தி எழுந்திருக்கவில்லை. சுளகை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்தாள். பெரியம்மை படத்துக்கு முன்னால் உட்கார்ந்து தனியாக அழுதாள். வெகுநேரம் ஆனதுபோல எனக்குத் தோன்றியது. பிறகு சித்தி பைய நகர்ந்து வந்து அவள் தோளில் கை வைத்தாள்.

“அவரு ஒன்னக் கேட்டாரு, அக்கா” என்றாள். “கடைசி வாரம் ரெண்டு தடவ கேட்டாரு. வருவா, வருவான்னு சொன்னேன்.”

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். உள்ளே அவர்கள் பேசுவதைக் கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. கடையில் பால் வாங்கி வந்து, கூப்பிடும்வரை வாசல் படிக்கு வெளியே நின்றேன். கூப்பிட்டுக் காபி கொடுத்தது சித்திதான். பெரியம்மை கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாள். துக்கம் நடந்து வருஷம் திரும்பாத வீடு, மேடைக்கு வர மாட்டேன், சாப்பாட்டுப் பந்திக்கு வருகிறேன் என்றாள் சித்தி. இருவரும் நம்பரை ஆளுக்கொரு தாளில் வாங்கிக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்தது நான். ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டு தடவை வாசித்துச் சரிபார்த்தேன்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் பெரியம்மையும் நானும் நின்றோம். அவளுக்கு மேற்கே போகிற பஸ், எனக்குக் கிழக்கே.

“சித்தி பேசினாளா பெரியம்ம?”

“பேசினா.”

“பழைய மாதிரியா?”

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அது எப்படிடீ இருக்கும்? நல்லாத்தான் பேசினா. ஆனா அவரு போனப்ப, துட்டி இருந்த அந்தப் பதினாறு நாளு நான் அவகூட இல்லலா. அது போனது போனதுதான்.”

“எல்லாம் என்னாலதான்” என்றேன்.

“ஒன்னாலதான்” என்றாள். “ரெண்டு நாள் வீம்பு பிடிச்சது நான். அதையும் சேத்துக்கோ.”

விக்கிரமசிங்கபுரம் வழியாகப் போகும் பாபநாசம் பஸ் வந்தது. அவள் கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரம் இடம் பார்த்து உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு அம்மாவை முந்தின நாளே கூட்டிவரச் சொன்னாள். பஸ் நகர்ந்தது.